முதுமைக்கு வைத்த பணத்தை முன்னரே எடுக்கலாமா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இன்றைய இளைஞர் இதனைக் கேட்டுச் சிரிப்பர். ஆனால் நம் முன்னோர் இதனை விளையாட்டாகச் சொன்னாரல்லர். கோறணமேந்தில் மேய்த்த கோழிக்குப் பின்னால் ஓர் உபகாரச் சம்பளம் இருந்தது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கக் காரியாலயங்களிலும் எழுதுவினைஞராக உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்களுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. 'மலாயன் பென்ஷனியர்' என்பது அக்காலத்தில் ஒரு பட்டத்தைப் போலவே வழங்கிற்று. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், கோயிற் திருப்பணிக்கும் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதுமையிற் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்ந்தார்கள்.

இன்று நம் பிள்ளைகளுட் பலர் அரசாங்க உத்தியோகத்தில் இல்லை. நிதிக் கம்பனிகள், தனியார் மருத்துவ மனைகள், கடைகள், ஆடைத் தொழிற்சாலைகள், விருந்தினர் விடுதிகள் என்று பல இடங்களில் உழைக்கிறார்கள். இவர்களுக்கு மாதாந்த உபகாரச் சம்பளம் கிடையாது. அதற்கு ஈடாகச் சட்டம் வைத்திருப்பதே ஊழியர் சேமலாப நிதி. இந்நிதியை முதுமை வருமுன் எடுக்கலாமா, எடுப்பது தக்கதா என்னும் கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்றது. அதனைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

நிதி பிறந்த வரலாறு

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் இந்நிதி தோன்றிற்று. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் திரு. ரி. பி. இலங்கரத்தின. தொடக்கத்தில் ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 4 பங்கும், முதலாளி 6 பங்கும் செலுத்தினர். இன்று ஊழியர் 8, முதலாளி 12 என்பது குறைந்த அளவு. மாதம் 50,000 ரூபா பெறுபவர் பெயரில் அவருடைய பணம் 4,000 ரூபாவும் முதலாளியின் பணம் 6,000 ரூபாவுமாக 10,000 ரூபா சேர்கின்றது. நிர்வாகம் தொழில் ஆணையாளரிடமும், பணத்தைக் காத்து முதலிட்டு வட்டி சேர்க்கும் பொறுப்பு மத்திய வங்கியிடமும் உள்ளன.

ஆணுக்கு 55 வயதும் பெண்ணுக்கு 50 வயதும் நிறைந்து, தொழிலைவிட்டு நீங்கினால் முழுப் பணத்தையும் வட்டியுடன் பெறலாம். தனியார் துறையில் இளைப்பாறும் வயதை 60ஆக உயர்த்திய 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரும், நிதியைப் பெறும் வயது மாறவில்லை. அதற்கு முன் வேலையை விட்டாலும் பணம் கிடைக்காது. கணக்கிலேயே கிடந்து ஆண்டுதோறும் வட்டி பெறும். இந்தக் கட்டுப்பாடுதான் பலருக்குக் கசக்கின்றது.

ஒரு தந்தையின் வேண்டுகோள்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் படித்த பெண்ணொருத்தி தன் தகப்பனாருடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயது இருபத்தொன்பது. ஒரு நிதிக் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் ஏழு வருடம் வேலை செய்தவள். கொழும்பிலே தொழில் பார்க்கும் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. தகப்பனார் கலியாணக் கடுதாசியைத் தந்துவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"மாஸ்ரர், பிள்ளை வேலையை விடப் போறாள். கலியாணம் எண்டால் சேமலாப நிதியை எடுக்கலாமாம். ஏழு லட்சம் மட்டிலை கிடக்கு. சீதன வீட்டிலை மேல் வேலை இன்னும் முடியேல்லை. சும்மா கிடக்கிற காசுதானே? ஒரு நல்ல கடிதமாய் எழுதித் தாருங்கோ."

பெண் தலையைக் குனிந்தபடி தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்டேன்.

"கொழும்பிலை பிறகு வேலை தேடத்தான் சேர் நினைச்சிருக்கிறன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் எழுதுவது எனக்குப் பெரிய வேலையன்று. ஆயினும், அன்று நான் எழுதவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். இதற்கிடையில் சட்டம் சொல்வதையும் கணக்குச் சொல்வதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அதன் சாரத்தை வாசகர்களுக்கும் தருகிறேன்.

சட்டம் திறந்து வைத்த வாசல்கள்

வயது வருமுன் முழுப் பணத்தையும் பெறுவதற்குச் சட்டம் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கின்றது. நிரந்தரமாகவும் முழுமையாகவும் உழைக்க இயலாதவாறு நோயோ ஊனமோ நேர்ந்தமையை வைத்தியர் உறுதிப்படுத்தினால் பெறலாம். போரிலே அவயவம் இழந்தோர் பலர் வாழும் நம் மண்ணில் இதனை அறியாதவர் இருத்தல் ஆகாது. திரும்பி வரும் எண்ணமின்றி நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வோர் அதற்கான சான்றுகளுடன் விண்ணப்பிக்கலாம். உபகாரச் சம்பளத்துக்கு உரித்துடைய அரசாங்கப் பதவியிற் சேர்வோரும் பெறலாம். பட்டம் பெற்றபின் தனியார் கம்பனியில் மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டு ஆசிரியராக நியமனம் பெறுவோர் நம்மிடையே பலர். அவர்களுட் சிலர் இவ்வுரிமையை அறியாமலே இருந்துவிடுகின்றனர்.

கடைசி வாசல் பெண்களுக்கு உரியது. திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண், திருமணத்தை ஒட்டிய குறித்த காலத்துக்குள் விலகியிருந்தால், விவாகப் பதிவுச் சான்றிதழைக் காட்டித் தன் பணத்தைப் பெறலாம். மணம் முடித்ததும் பெண்ணின் உழைப்பு வாழ்வு முடிந்துவிடும் என்று கருதப்பட்ட காலத்தின் சாயல் இந்த விதியில் இருக்கின்றது. இது அவளுக்குத் தரப்பட்ட உரிமையேயன்றி, அவள் மீது சுமத்தப்பட்ட கடமையன்று. ஆனால் நம் வீடுகளில் இதனைக் கடமையாக மாற்றிவிடுகிறோம்.

ஊழியர் இறந்துவிட்டால், அவர் பெயர் குறித்து நியமித்தவருக்கோ உரித்தாளருக்கோ பணம் சேரும். பல வருடங்களுக்கு முன் நியமித்த பெயரை மணம் முடித்த பின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நன்று.

வேலையில் இருக்கும்போதே ஒரு வழி

மேற்சொன்னவை முழுப் பணத்துக்கான வழிகள். இவற்றையன்றி, வேலையில் இருந்துகொண்டே ஒரு பகுதியைப் பெறும் வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் இது வந்தது. 2015 முதல் நடைமுறையில் உள்ளது. பத்து வருடத்துக்குக் குறையாமல் உழைத்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உடையவர், அதில் நூற்றுக்கு 30 பங்கு வரை பெறலாம். உச்ச எல்லை 20 இலட்சம் ரூபா. வீட்டுத் தேவைக்கும் பாரிய வைத்தியச் செலவுக்குமே இவ்வசதி.

எங்கள் அயலில் ஓர் அச்சகத் தொழிலாளி இருக்கிறார். ஐம்பத்தொரு வயதில் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை அவசியமாயிற்று. காணியை ஈடு வைக்க ஆயத்தமாக இருந்தவருக்கு அவருடைய மகனே இந்த வழியைக் கண்டு சொன்னான். கணக்கில் இருந்த 18 இலட்சத்தில் 5 இலட்சத்து 40 ஆயிரம் கிடைத்தது. இன்று அவர் மீண்டும் வேலைக்குப் போகிறார். காணியும் கையில் இருக்கின்றது. எஞ்சிய பணம் வட்டியுடன் வளர்கின்றது. முதுமைக்கு வைத்த பணத்தில் உயிரைக் காக்க ஒரு பகுதியை எடுத்தது தவறென்று யார் சொல்வார்?

வீடு கட்டுவோருக்கு வேறொரு வசதியும் உண்டு. கணக்கில் உள்ளதில் நூற்றுக்கு 75 பங்கு வரை பிணையாகக் காட்டி, அங்கீகாரம் பெற்ற வங்கிகளில் வீட்டுக் கடன் பெறலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தவணைப் பணம் தவறினால், வங்கிக்குரிய தொகை நிதியிலிருந்தே கழிக்கப்படும். இளைப்பாறும் நாளில் கணக்கைப் பார்த்துத் திகைத்தவர்கள் உளர்.

பூட்டில்லாத இரண்டு பெட்டிகள்

அன்று அந்தத் தந்தை அறியாதிருந்த விஷயம் ஒன்று உண்டு. வேலையை விட்டு விலகும் ஊழியருக்குச் சேமலாப நிதியைத் தவிர வேறு இரண்டு உரிமைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வயதுப் பூட்டு இல்லை.

முதலாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள தாபனத்தில் ஐந்து வருடம் நிறைவாக உழைத்தவர், எக்காரணத்தால் விலகினாலும், வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பள வீதம் கடைசிச் சம்பளத்தைக் கொண்டு பெறலாம். இரண்டாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதிக்கு முதலாளி மாத்திரமே நூற்றுக்கு 3 பங்கு செலுத்துகிறார். ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் பிடிப்பதில்லை. வேலையை விட்டவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதனை எடுக்கலாம்.

அந்தப் பெண்ணின் கடைசிச் சம்பளம் 60,000 ரூபா. ஏழு வருடத்துக்கு அரை மாத வீதம் பணிக்கொடை 2 இலட்சத்து 10 ஆயிரம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் ஏறக்குறைய ஒரு இலட்சம். ஆகச் சேமலாப நிதியைத் தொடாமலே 3 இலட்சத்துக்கு மேல் அவளுக்கு உரியது. தகப்பனார் இதனைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழு இலட்சம் என்ன ஆகும்?

சேமலாப நிதிக்கு 2022ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டி அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டுக்கு 13. வட்டி ஆண்டுக்காண்டு மாறும். சட்டம் உறுதி செய்யும் குறைந்த அளவு இரண்டரையே. ஒரு பேச்சுக்கு 9 என்று வைத்துக்கொண்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து, பணம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இருபத்தொன்பது வயதிற் கிடக்கும் 7 இலட்சம் ஐம்பதாவது வயதில் 42 இலட்சத்தைத் தாண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை அந்தப் பெண்ணே சொன்னாள். "2022இலை சாமான் விலை என்ன மாதிரி ஏறினது சேர்? அப்ப இந்தக் காசின்ரை பெறுமதி எங்கை போனது?" என்றாள். நியாயமான கேள்வி. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 உயர்ந்திருந்தது. நிதி தந்த வட்டியோ 9. மறு ஆண்டு அரசாங்கக் கடன் மறுசீரமைப்பிலும் நிதியின் கையிலிருந்த முறிகள் நீண்ட காலத் தவணையுடைய புதிய முறிகளாக மாற்றப்பட்டன. ஆகவே, இந்த நிதிக்கு ஒரு குறையும் வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எடுத்த பணம் எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். அதைக்கொண்டு அவள் தன் பெயரிலே பொன்னோ காணியோ வாங்கினால், விலையேற்றத்துக்கு ஈடு கொடுக்கலாம். சீதன வீட்டின் மேல் வேலையில் கலந்துவிட்டால், அது சீமெந்தாகவும் ஓடாகவும் நிற்குமேயன்றி, ஐம்பது வயதில் அவள் கையில் காசாக நிற்காது. நம் தோட்டக்காரர் அடுத்த போகத்துக்கென்று விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தூக்கி வைப்பதை யாவரும் கண்டிருப்போம். வீட்டிலே கறிக்கு வெங்காயம் இல்லாத நாளிலும் அதில் கை வைக்கமாட்டார்கள். விலை நன்றாக ஏறிய வருடத்திலும் அதை விற்கமாட்டார்கள். அது சமையலுக்கு உரியதன்று என்பது வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பிற நாடுகள் கற்பிப்பது

நம் பெரியவர்கள் உழைத்த மலாயாவில், நமக்கு ஏழு வருடம் முந்தி, 1951இலேயே இத்தகைய நிதி தொடங்கிற்று. கொவிட் நோய்க் காலத்தில் மலேசிய அரசாங்கம் அந்நிதியின் கதவுகளை அகலத் திறந்தது. 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களால் மக்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி றிங்கிற். பட்டினியைப் போக்க அது உதவியது மெய்யே. ஆனால் பின்னர் பெருந்தொகையானோரின் கணக்குகள் முதுமைக்குப் போதாத அளவுக்கு வற்றியிருந்தன. 2024 மே மாதத்தில் அந்நாடு கணக்கை மூன்றாகப் பிரித்தது. புதிதாகச் சேரும் பணத்தில் 75 பங்கு முதுமைக்கென்று பூட்டப்படும். 15 பங்கு வீடு, கல்வி, வைத்தியம் போன்ற தேவைகளுக்கு. 10 பங்கு மாத்திரம் எப்போதும் எடுக்கத்தக்கது.

இலண்டனில் வாழும் நம் உறவினர் கதையும் இதுவே. பழைய தொழிலிடங்களில் விட்டுவந்த பென்ஷன் உரிமைகள் அவர்களுட் பலருக்கு உண்டு. கடும் நோய் முதலிய சில காரணங்கள் தவிர, 55 வயதுக்கு முன் அவற்றைத் தொட இயலாது; 2028 ஏப்ரல் 6 முதல் அவ்வயது 57 ஆகும். சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட திட்டங்களில், உரிய வயதுக்கு முன்னர் எடுப்போருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் குறைந்த தொகையே கிடைக்கும். "முன்னரே எடுத்துத் தருகிறோம்" என்று வரும் தரகரை நம்பி ஏமாந்தவர்கள் நூற்றுக்கு 55 வரை வரி செலுத்தவும் நேரும். அங்கும் இங்கும் சட்டம் அஞ்சுவது ஒன்றையே: இன்றைய அவசரம் நாளைய சோற்றை உண்டுவிடக் கூடாது.

பழைய கணக்கு உடையோர் கவனத்துக்கு

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்த பலர், போரினால் வேலையையும் ஊரையும் ஒருங்கே இழந்தனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் குடாநாட்டின் பெரும்பகுதியிலிருந்தும் எழுந்தோடிய குடும்பங்கள் கையில் எடுத்தது பிள்ளைகளையேயன்றிப் பத்திரங்களை அல்ல. பலர் கடல் கடந்தும் போயினர். இவர்களுள் வயது நிறைந்தோர் வேறு காரணம் தேட வேண்டியதில்லை; வயதே போதும். இறந்தோரின் உரித்தாளர்களும் கேட்கலாம். பணம் உறுப்பினர் பெயரிலேயே கிடக்கும்.

அடையாள அட்டையில் ஒரு பெயரும், வேலை தொடங்கியபோது நிரப்பிய 'பி' அட்டையில் வேறொரு பெயரும் இருப்பதே நம்மவரின் பெரிய இடையூறு. தகப்பன் பெயர் முன்னால் வருவதும், ஆங்கில எழுத்து மாறுவதும் நமக்குச் சிறிய விஷயம். காரியாலயத்துக்கு அதுவே வேறோர் ஆள். சத்தியக் கடதாசி முடித்துத் தொழில் அலுவலகத்திற் கொடுத்து முன்கூட்டியே திருத்திக்கொள்வது நலம். இன்று உழைக்கும் பிள்ளைகள், முதலாளி மாதந்தோறும் பணம் கட்டுகிறாரா என்பதை மத்திய வங்கியின் கணக்குக் கூற்றைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாத முதலாளி, தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும் என்பது சட்டம்.

முடிவில்

இரண்டாம் நாள் தந்தையும் மகளும் வந்தார்கள். நான் எழுதிய கணக்கை அவர் இரண்டு முறை வாசித்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேல் வேலை பிறகு பாப்பம். நாளைக்கு இவளுக்கு ஒரு வில்லங்கம் எண்டால் நான் இருக்கப் போறனோ?" என்றார். பணிக்கொடைக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் வேண்டிய கடிதங்களை அன்றே எழுதிக் கொடுத்தேன். சேமலாப நிதிக்கு எழுதவில்லை.

அவள் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறாள். மீண்டும் ஒரு கம்பனியில் வேலை. சென்ற மாதம் தொலைபேசியிற் பேசியபோது, புதிய கணக்கிலும் பணம் விழத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள்.

நோய் வந்தால், உழைக்கும் சக்தி போனால், ஒதுங்கக் கூரை இல்லாவிட்டால், சட்டம் தரும் வாசலால் தயங்காமற் செல்லுங்கள். அது உங்கள் பணம். ஆனால் பெண்ணின் கலியாணச் செலவுக்கென்று அவளுடைய முதுமையில் கை வைக்கும் முன், அவளை ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்குச் சற்று நேரமும் கொடுங்கள்.